குணசுந்தரி ரேகை வளர்த்த கதை

குணசுந்தரிக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகும்வரை அவளுடைய கைகளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கை இருந்தது, வேலை செய்தது, அவ்வளவுதான். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பது அவள் பிழைப்பு. வலை கிடையாது, படகு கிடையாது. பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையில் தட்டுப்பட்ட இறாலை அதற்குள் போட்டபடியே நகர வேண்டும். வாயில் கயிறு இருப்பதால் அந்த நேரத்தில் பேச முடியாது. தன் கல்யாண வாழ்க்கை இத்தனை வருஷம் நீடித்ததற்கு அதுதான் காரணம் என்று குணசுந்தரி சொல்வாள்.

அவள் கணவர் சம்பந்தத்தின் தொழில், அவள் பிடித்த இறாலை மொபெட்டில் வைத்து ஏலம் போடும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. அது ஒரு மணி நேர வேலை. மீதி நேரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முகத்துவாரம் எப்போது அடைபடும், எப்போது திறக்கும், திறந்தால் அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் தீர்த்துவைப்பார். தீர்ப்பு சொல்லும்போது பீடி இல்லாமல் முடியாது. பீடி குடித்தால் இருமாமல் முடியாது. இப்படி இருபத்தைந்து வருஷம் இருமியதில், இந்த மனுஷனுக்குள் இருந்தது போதும் என்று முடிவு செய்ததுபோல, ஒருநாள் அவருடைய குடல் அடிவயிற்றின் வலது பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

ஊரில் இதுவரை யாருக்கும் நோய் வந்ததே இல்லை என்பதுபோல சம்பந்தம் நடந்துகொண்டார். அந்த இடத்தில் கையை வைத்து அழுத்திக்கொண்டே நடந்தார், அழுத்திக்கொண்டே டீ குடித்தார். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், விளக்கம் சொன்னார். படுத்தால் உள்ளே போய்விடுமாம், நின்றால் வந்துவிடுமாம். மகன் ரஞ்சித்குமார் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். லீவு போட்டு அவரை டாக்டரிடம் கூட்டிப்போனான்.

"இது குடலிறக்கம். மருந்துல சரியாகாது, ஆபரேஷன்தான். என்னைக்காவது வெளிய வந்த குடல் உள்ள போகாம மாட்டிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் சொன்னார்.

கேள்விப்பட்ட உடனே அனுப்பம்பட்டிலிருந்து மகள் அம்பிகா ஓடி வந்தாள். அவளை அங்கே நெல் பயிரிடுகிற குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகிப் போன பிறகும் பிறந்த வீட்டு நிர்வாகத்தை அவள் விட்டுக்கொடுத்ததில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பொங்கல் கழித்துத்தான் ஆபரேஷனுக்கு முறை வரும் என்றார்கள். அதுவரை நைனாவின் குடல் பொறுக்காது என்று அம்பிகா தீர்மானித்தாள். காப்பீட்டு அட்டைக்கு இலவசமாகச் செய்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியைச் சென்னைக்குப் போகிற வழியில் கண்டுபிடித்தாள். குடும்பமே கிளம்பிப் போனது.

அங்கே காப்பீட்டு மேசையில் மஞ்சு என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் உட்கார்ந்திருந்தாள். அட்டையைப் பார்த்துவிட்டு, "குடும்பத் தலைவர் ரேகை வைக்கணும்" என்றாள்.

சம்பந்தம் சட்டைக்கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்து, மிஷினில் கட்டைவிரலை வைத்தார். பச்சை விளக்கு உடனே எரிந்தது.

"உங்க ரேகை சூப்பரா விழுது சார். ஆனா அட்டையில தலைவர் நீங்க இல்லையே. குணசுந்தரி யாரு?"

குடும்பத் தலைவிக்குத்தான் இனி உதவித்தொகை என்று ஊரில் பேச்சு அடிபட்ட வாரமே, சம்பந்தம் தலைமைப் பதவியைத் துறந்து அட்டையில் மனைவியைத் தலைவி ஆக்கியிருந்தார். மாறியது அட்டை மட்டும்தான். வீட்டில் யாருக்கும் அது நினைவில்கூட இல்லை.

குணசுந்தரி கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு. ஆள்காட்டி விரலை வைத்தாள். சிவப்பு. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாள், தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைத்தாள். பத்து விரலும் முடிந்த பிறகு, இப்படி ஒரு பெண் உலகத்திலேயே இல்லை என்று மிஷின் முடிவாகச் சொல்லிவிட்டது.

"அவருக்கு மட்டும் எப்பிடி விழுது?" என்று அம்பிகா கேட்டாள்.

"விழாம? பொட்டில வெச்ச நகையாட்டம் கீது அந்தக் கை. தேஞ்சாத்தானே?" என்றாள் குணசுந்தரி.

மஞ்சு அவள் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். நுனிகள் வெளுத்து, ஊறி, வழவழவென்று இருந்தன. குறுக்கும் நெடுக்கும் சின்னச் சின்னக் கீறல்கள். இறால் கொம்பு குத்தியது, நண்டு கடித்தது, கிளிஞ்சல் அறுத்தது. "என்ன வேலைம்மா பண்றீங்க?"

"எறா தடவுறன்."

"அப்போ அட்டை எடுக்கும்போது மட்டும் ரேகை எப்படி விழுந்திச்சு?"

அதற்கும் காரணம் இருந்தது. அந்த வருஷம் குணசுந்தரிக்கு அம்மை போட்டிருந்தது. ஒரு மாதம் ஏரிப் பக்கமே போகவில்லை. எழுந்து நடமாடிய வாரத்தில் பள்ளிக்கூடத்தில் அட்டைக்கு ரேகை எடுக்கிற முகாம் நடந்தது. ரேஷன் கடையில் எப்போதும் மகன்தான் விரல் வைப்பான் என்பதால், அதற்குப் பிறகு அவள் விரலை யாரும் சோதித்ததே இல்லை. போனுக்கு வருகிற எண்ணைச் சொன்னாலும் போதும் என்றாள் மஞ்சு. அட்டையில் கொடுத்திருந்த நம்பர் சம்பந்தம் எப்போதோ தொலைத்த சிம். கண்ணைப் பார்க்கிற மிஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா. அம்மை போட்டப்போ இருந்த மாதிரியே ஒரு மாசம் தண்ணியில கை வைக்காம இருங்க. ரேகை தானா வளர்ந்திடும். மறுபடி வாங்க" என்றாள் மஞ்சு.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே அம்பிகா சட்டம் போட்டாள். ஏரி கூடாது. பாத்திரம் கூடாது. துணி கூடாது. மீன் ஆயக் கூடாது. உப்பைத் தொடக் கூடாது. காலையிலும் சாயங்காலமும் தேங்காய் எண்ணெய். அத்தனை வேலையும் மருமகள் ஹேமாவதியின் தலையில் விழுந்தது. அவள் முகம் அன்றைக்கே கருவாடு ஆகிவிட்டது. பாத்திரம் தேய்க்கும்போது அவள் போடுகிற சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்டது. "எங்கம்மா ஊட்லேர்ந்து நானும் ரேகையோடதான் வந்தேன்" என்று அவள் சொன்னதும் கேட்டது.

தினமும் விடிந்ததும் விரல் பரிசோதனை. சம்பந்தம் கட்டிலில் உட்கார்ந்து, மனைவியின் கையை மடியில் வைத்துக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலாகப் பார்ப்பார். "தோ, இங்க ஒரு கோடு வந்துகீது பாரு" என்று எதிர் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். கல்யாணமான புதிதில்கூட அந்தக் கையை அவர் அப்படிப் பிடித்ததில்லை. நண்டு கடித்து நகம் பிய்ந்து ரத்தம் ஒழுகிய நாளில் "அந்தக் கையோட சோத்துப் பானைய தொடாதே" என்று சொன்னவர்தான் இவர். மஞ்சளை வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாள் அவள் ஏரியில் இறங்கியபோது, ஏன் என்று கேட்க ஒரு நாதி இருந்ததில்லை. இன்றைக்கு ஒரு கத்தியைத் தொட்டால் நாலு பேர் ஓடி வந்து பிடுங்குகிறார்கள். எல்லாம் அவர் குடலுக்கு வந்த மரியாதை என்று குணசுந்தரிக்குத் தெரியும். தெரிந்ததால் வயிறு எரிந்தது.

ஆனால் பத்தாவது நாளோ பதினோராவது நாளோ ஒன்று நடந்தது. சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்தவள், அப்படியே நிறுத்தினாள். கை எரியவில்லை. கீறல் இல்லாத கையால் குழம்புச் சோறு பிசைந்து அவளுக்குப் பழக்கமே இல்லை. காரமும் உப்பும் விரலில் ஏறுகிற எரிச்சலும் சாப்பாட்டில் ஒரு பகுதி என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். அன்றைக்கு இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். கை கழுவிய பிறகு யாரும் பார்க்காதபோது தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சொரசொரப்பு கன்னத்தில் இல்லை, இதுவரை விரலில்தான் இருந்திருக்கிறது. அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, வெளியே சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

பிடித்திருந்தாலும் கால் சும்மா இருக்கவில்லை. மற்ற பெண்கள் ஏரிக்குப் போகிற நேரம் வந்தால் இவளும் கரைக்குப் போய் நின்றுகொள்வாள். வீட்டில் விட்டுவைத்தால் இறங்கிவிடுவாள் என்று பயந்த அம்பிகா, ஊர் சுற்றிக் காட்டுவதென்று முடிவு செய்தாள். முதலில் தன் வீட்டுக்கே கூட்டிப்போனாள். அனுப்பம்பட்டில் குணசுந்தரி இரண்டு நாள் ஒழுங்காக இருந்தாள். மூன்றாம் நாள் வரப்போரம் குந்தி, ஒரு நண்டு வளைக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தபோது மருமகன் தனசேகர் பார்த்துவிட்டான். "அத்தே, மாமாவோட குடல நெனச்சிப் பாருங்க" என்றான். அவள் நினைத்துப் பார்த்துக் கையை எடுத்தாள்.

அடுத்தது சென்னை. வேன் பிடித்தார்கள். அண்ணிக்குத் துணை, அத்தைக்குத் துணை என்று பதினோரு பேர் ஏறினார்கள். நோயாளி என்பதால் சம்பந்தத்துக்கு முன் சீட்டு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவளை ஐம்பது அறுபது கிலோமீட்டர் அலைக்கழித்துக் கூட்டிப்போய், மணலில் நிறுத்தி, "தோ பாரும்மா கடல்" என்று காட்டினார்கள். தண்ணீரில் கை வைக்காதபடி இரண்டு பக்கமும் காவல். பிறகு ஒரு மீன் கண்காட்சி. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால், கண்ணாடித் தொட்டிக்குள் ஏழெட்டு இறால். ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒரு வாய் குழம்புக்குக்கூடக் காணாதே என்று குணசுந்தரி சொன்னது பக்கத்தில் நின்ற ஒரு குழந்தையின் காதில் விழுந்து, அது அழ ஆரம்பித்துவிட்டது.

மத்தியானம் பிரியாணி. குடல் இறங்கிய மனுஷன் இரண்டு பிளேட் சாப்பிட்டார். இறங்கியதால் உள்ளே இடம் நிறைய இருந்தது போலிருக்கிறது. சாயங்காலம் ஒரு பெரிய கடை வளாகத்தில் நகரும் படிக்கட்டுப் பக்கத்தில் நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வேன் ஊர் திரும்புவதற்குள் அம்பிகா அதைத் தன் போனில் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டாள். நைனாவின் ஆபரேஷன் நல்லபடியாக நடக்க வேண்டிக்கொள்ளுங்கள் என்று கீழே எழுதியிருந்தாள். போட்டோவில் நைனா ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. விரல் நுனிகளில் கோடுகள் தெரிய ஆரம்பித்தன. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவானது.

அதற்கு முந்தின வாரம் முழுக்க மழை. புது வெள்ளம் ஏரியில் இறங்கியது. திங்கட்கிழமை வெயில் வந்தது. ஹேமாவதி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள், சம்பந்தம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ராஜம்மா வந்து நின்றாள். குணசுந்தரியோடு முப்பது வருஷமாக ஏரியில் இறங்குகிறவள். அவள் பறி நிறைந்து வழிந்தது.

"இன்னா சுந்தரி, மகாராணி கணக்கா குந்திக்கினுகீற? ஏரி பூரா எறா. காலு வெச்சா காலுல வந்து மோதுது."

"நான் வர்லக்கா. புதன்கெழம ரேகை வெக்கணும்."

"எறங்கச் சொல்லி எவ சொன்னா? பாத்துட்டுப் போன்னுதான் சொல்றன்."

பார்த்துவிட்டு வருவதற்குத்தான் போனாள். பார்த்தாள். பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மிஷினுக்குத் தேவை ஒரு கட்டைவிரல். வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு மற்ற ஒன்பது விரலால் பிடித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இதைவிடப் பெரிய புத்திசாலித்தனம் அந்த ஏரிக்கரையில் அதற்கு முன் யாருக்கும் தோன்றியிருக்காது. ராஜம்மாவின் இன்னொரு பறியை வாங்கிக் கயிற்றைக் கடித்தாள். இறங்கினாள்.

தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சேறு விரல்களுக்கு நடுவில் குளிர்ந்து வழுக்கியது. முதல் இறால் உள்ளங்கையில் துள்ளியபோது, இந்த ஒரு மாதமும் தான் உயிரோடுதான் இருந்தோமா என்று நினைத்துக்கொண்டாள். நாலாவது இறால்வரை கட்டைவிரல் மடங்கியே இருந்தது. பெரிய வெள்ளை இறால் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. கட்டைவிரல் இல்லாமல் இறாலை அமுக்க முடியாது. அது அவளைக் கேட்டுக்கொண்டு வெளியே வரவில்லை. முப்பது வருஷப் பழக்கம், தானாகவே வந்து இறாலைப் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் அதை மடக்கி வைக்க வேண்டும் என்பதையே மறந்துபோனாள். ஒரு மணி நேரம் கழித்துப் பிடித்ததை எல்லாம் ராஜம்மாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல உட்கார்ந்தாள். ஒரு மாதம் பூசி வளர்த்த தோல், பச்சைப்பிள்ளைத் தோல். எங்கே பார்த்தாலும் குத்தும் கிழிசலுமாக இருந்தது. இரண்டு நாளும் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். நாளை மறுநாள் மிஷினே பார்க்கப்போகிறது என்ற மிதப்பில் சம்பந்தமும் பரிசோதனையை விட்டுவிட்டார்.

புதன்கிழமை பத்து விரலும் சிவப்பு.

"போன தடவையவிட மோசமா இருக்கேம்மா" என்றாள் மஞ்சு.

"மிஷினே டொக்கு" என்றாள் அம்பிகா. ரஞ்சித்குமார் அரசாங்கத்தைத் திட்டினான். தனசேகர் அறிவியலைத் திட்டினான். குணசுந்தரி பறிக்கயிறு இல்லாமலே வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் சம்பந்தம் இருமினார். வெளியே வந்த குடல் உள்ளே போகவில்லை. படுத்தார், போகவில்லை. எலுமிச்சம்பழம் சாத்துக்குடி ஆகி, கல்லுபோல இறுகிவிட்டது. வாந்தி எடுத்தார். ரஞ்சித்குமார் ஷிப்டில் இருந்தான். குணசுந்தரி எதிர் வீட்டு ஆட்டோவைப் பிடித்து அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பொன்னேரிக்குப் பறந்தாள். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் அவள் கையை இறுக்கிப் பிடித்தார். பிடித்த கை திடீரென்று நின்றது. அவருடைய விரல், அவள் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. ஒரு மாதம் தினமும் பார்த்த கை. அவருக்கு வெளிச்சம்கூடத் தேவைப்படவில்லை.

"எப்போ போன?"

"திங்கக்கெழம."

ஆட்டோ இன்னொரு பள்ளத்தில் விழுந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். திட்டப்போகிறார், திட்டட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"எறா இருந்துச்சா?"

"ரொம்ப" என்றவள் உடைந்து அழுதாள். "என்னாலதான்யா. செத்துப் பூடாதய்யா. நீ இன்னா மனுசனா இருந்தாலும் சரி, இரு. சாவாத."

அவர் அவள் கையை விடவில்லை.

பொன்னேரியில் டாக்டர் ஊசி போட்டு, அரை மணி நேரம் பதமாக அழுத்தி உள்ளே தள்ளினார். "இந்தத் தடவை தப்பிச்சார். அடுத்த தடவை போகும்னு நான் சொல்ல முடியாது. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிடுங்க" என்றார். பின்னாலேயே அம்பிகா வந்து சேர்ந்தாள். மிஷினைத் திட்டுவதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். சம்பந்தம் கட்டிலில் படுத்தபடி, "ஆமாம்மா, மிஷினு சரியில்ல" என்றார்.

அதற்குப் பிறகு குணசுந்தரிக்குக் காவல் தேவைப்படவில்லை. இரண்டு கைக்கும் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டாள். ராஜம்மா வாசலில் வந்து நின்றால் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவர் இருமுகிற ஒவ்வொரு தடவையும் எங்கே இருந்தாலும் ஓடி வந்து முகத்தைப் பார்த்தாள். பீடிக்கட்டை எடுத்து அடுப்பில் போட்டாள். வெளியே தெரியாமல் அவளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய குடல் முந்துமா, தன்னுடைய தோல் முந்துமா என்பதுதான் அது. சாமியிடம்கூட அவள் தோலைத்தான் கேட்டாள்.

இருபத்தாறாம் நாள் மறுபடி அதே மேசை. கட்டைவிரல் சிவப்பு. ஆள்காட்டி சிவப்பு. வலது கை முழுக்கச் சிவப்பு. அம்பிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். இடது கையில் நாலாவதாக மோதிர விரலை வைத்தாள் குணசுந்தரி. மோதிரம் ஒன்றையும் கண்டிராத விரல். பச்சை எரிந்தது. மஞ்சு கை தட்டினாள். வரிசையில் நின்றவர்கள் எதற்கென்றே தெரியாமல் சேர்ந்து கை தட்டினார்கள்.

ஆபரேஷன் ஒரு மணி நேரம் நடந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதினோரு பேரும் அதே வேனில் வந்திருந்தார்கள். தூக்குவாளியில் புளிசோறு, அவித்த முட்டை. குணசுந்தரியால் ஒரு வாய்கூட முழுங்க முடியவில்லை. டாக்டர் வெளியே வந்து, "நல்லா இருக்கார். ஓட்டை இருந்த இடத்துல ஒரு சின்ன வலை வெச்சுத் தெச்சிருக்கோம்" என்றார்.

"வலையா?" என்றாள் அவள். "ஏரில ஒரு நாளும் வலை பிடிச்சதில்லை, இப்ப வயித்துல வலையா?" சொல்லிவிட்டு, நிம்மதி தாங்க முடியாமல் டாக்டர் காலில் விழப்போனாள்.

வீட்டுக்கு அனுப்புகிற நாள் காகிதமெல்லாம் கையெழுத்தானது. மஞ்சு சிரித்துக்கொண்டே, "அவ்வளவுதான்மா. இனிமே உங்க ரேகை எதுக்கும் தேவையில்ல. ஜாலியா இறால் பிடிங்க" என்றாள். அப்போது பக்கத்தில் சக்கர நாற்காலியில் சம்பந்தம் இருந்தார். வேறு யாரும் இல்லை. அம்பிகா ஆட்டோ பேசப் போயிருந்தாள்.

வீட்டில் அவரைக் கட்டிலில் படுக்க வைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பார்க்க வந்தவர்களுக்குச் சமைக்க வேண்டும். ஹேமாவதி ஒரு பெரிய பேசின் நிறைய இறாலைக் கொண்டுவந்து குணசுந்தரியின் முன்னால் டங்கென்று வைத்தாள். இரண்டு மாதக் கோபம் அந்தச் சத்தத்தில் இருந்தது. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவள் கைகளும் வெடித்துத்தான் இருந்தன.

"இந்தாங்க அத்தே. ரேகை வேல முடிஞ்சிட்டுதில்ல. ஆஞ்சி குடுங்க. துணி வேற ரெண்டு வாளி ஊறிக்கினுகீது."

குணசுந்தரி பேசினைப் பார்த்தாள். இறால்களின் கொம்புகள் எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. தன் விரல்களைப் பார்த்தாள். ஏரிக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. போகத்தான் போகிறாள். ஆனால் நாளைக்கே இல்லை, இன்னும் கொஞ்ச நாள், எரியாமல் சோறு தின்கிற இந்தக் கை இன்னும் கொஞ்ச நாள் தனக்கு வேண்டும். அவள் இதுவரை அந்த வீட்டில் தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

"நாப்பது நாள் கழிச்சி இன்னொருவாட்டி ரேகை வெக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி" என்றாள்.

அம்பிகா திரும்பிப் பார்த்தாள். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே? ரஞ்சித்து, மஞ்சுக்கு போன் போடு. நைனா, நீ அங்கதான குந்தினுந்த? அப்பிடியா சொன்னாங்க?"

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். குணசுந்தரி மட்டும் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாப்பது நாளுன்னு சொல்லல" என்றார் சம்பந்தம்.

ஹேமாவதி பேசினை இன்னும் ஒரு சாண் முன்னால் தள்ளினாள்.

"மூணு மாசம்னாங்க" என்றார் அவர். "இந்தவாட்டி ஒரு வெரல் பத்தாதாம், பத்து வெரலும் வோணுமாம். போன்லாம் போடாதடா, அந்தப் பொண்ணு லீவுல போவுது. ஹேமா, பேசின எடும்மா. இப்டி கொணாந்து வையி, நான் ஒக்காந்துனே ஆயறேன். வெயிட்டு தூக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க, எறா ஆயக் கூடாதுன்னு சொல்லல."

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு இறாலைக்கூட ஆய்ந்ததில்லை. எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கலைந்தார்கள். அவர் முதல் இறாலை எடுத்தார். கொம்பு உடனே குத்தியது. "ஸ்ஸ்" என்று விரலை உதறிவிட்டு, மறுபடியும் எடுத்தார்.

குணசுந்தரி கட்டிலோரம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். "இன்னாயா, இப்டி வாய் கூசாம பொய் சொல்ற?"

"எனக்கின்னா தெரியும்?" என்றார் சம்பந்தம், குத்திய விரலைச் சப்பிக்கொண்டே. "மயக்க மருந்து இன்னும் எறங்கலமே."